கேட்டு வைத்த இடம்

கேதகி பேட்கர் பங்கு ஆய்வாளர்களுக்கான நிதித் தேர்வின் இரண்டாம் நிலையில் இரண்டு முறை தோற்றவள். கணக்கில் கோட்டை விட்டிருந்தால்கூட வெளியே சொல்லியிருப்பாள். அவளைக் கவிழ்த்தது எத்திக்ஸ். பத்து ரூபாய் அதிகம் வந்தாலும் திருப்பிக் கொடுக்கிறவள் நெறிமுறைப் பாடத்தில் தோற்றாள் என்றால் யார் நம்புவார்கள்? இந்த முறையும் போனால் பங்கு ஆய்வுப் பிரிவை மறந்துவிட்டு, படிவம் சரிபார்க்கும் மேசையிலேயே காலம் தள்ளுவது என்று தனக்குத் தானே கெடு வைத்துக்கொண்டாள்.

அதே அலுவலகத்திலிருந்து அவளோடு தேர்வெழுதும் சுஹாஸ் இந்த முறையும் அதே மந்திரத்தை ஓதினான்.

"எத்திக்ஸக் கடைசி வாரம் பாத்துக்கலாம் கேதகி. இப்பவே படிச்சா மறந்துரும். அதுல என்ன இருக்கு? திருடாத, பொய் சொல்லாத. அவ்ளோதான."

இரண்டு முறை அவன் பேச்சைக் கேட்டவள்தான். ஆனால் பழைய மாதிரித் தேர்வுகளைப் புரட்டியபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. இரக்கப்பட்டு எழுதிய விடைகளாகப் பார்த்துத் தவறியிருந்தன. சூத்திரத்தை ஒரு வாரத்தில் உருப்போடலாம். மனசு ஒரு வாரத்தில் வளையுமா? முதல் நாளிலிருந்தே தினம் ஒரு வழக்கு, காலை வண்டியில் படிப்பது என்று முடிவெடுத்தாள்.

டோம்பிவலியில் மும்பை லோக்கல் ரயிலின் மகளிர் பெட்டிக்குள் ஏறுவதே ஒரு போர். உட்கார இடம் வேண்டுமென்றால், இருப்பவள் எங்கே இறங்குவாள் என்று விசாரித்து முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். அந்த நெரிசலில் கையை உயர்த்திப் புத்தகம் படிக்க முடியாது. அதனால் போனில் ஒரு வழக்கைப் பார்த்துவிட்டு வாய்விட்டே சொல்லுவாள். கல்யாணில் ஏறி ஜன்னலோரம் பிடித்திருக்கும் நர்ஸ் பிரமிளாவும், தையல் கடை ஹேமாங்கியும் தீர்ப்பு சொல்லுவார்கள்.

"புதுப் பங்கு கொஞ்சந்தான் இருக்கு. கேட்டு வெச்சவங்க நிறைய பேர். ஆலோசகர், ஒரு ஏழை விதவை பாவம்னு அவளுக்கு மட்டும் முழுசாக் குடுத்துட்டார். சரியா?"

"இதுல என்ன தப்பு? புண்ணியம்டி!" என்றாள் ஹேமாங்கி. கேதகியும் இரண்டு முறை அதைத்தான் எழுதியிருந்தாள்.

பிரமிளா முறைத்தாள். "நான் காட்கோபர்ல எறங்குவேன். தாணேலயே ஒருத்தி இந்த சீட்டக் கேட்டு வெச்சிட்டா. அப்புறம் என் நாத்தனார் வந்து கால் வலிக்குதுன்னு நிக்கிறா. யாருக்குடி குடுக்கணும்?"

"கேட்டு வெச்சவளுக்குத்தான்! மாத்திக் குடுத்தா பெட்டியே ரெண்டாயிரும்," என்றாள் ஹேமாங்கி.

"அப்ப அந்த ஆலோசகன் மட்டும் என்ன பெரிய மகாத்மாவா?"

கேதகிக்கு அன்றைக்குத்தான் கண் திறந்தது. தன்னுடைய இடமாக இருந்தால் இரக்கப்பட்டு எழுந்துகொள்ளலாம். பிறர் கேட்டு வைத்ததை எடுத்து தர்மம் செய்ய முடியாது. ஆறு மாதம் இப்படியே ஓடியது. கடைசி வாரமும் எத்திக்ஸைப் படித்தாள், ஆனால் அப்போது அது பழைய சிநேகிதியைப் பார்ப்பது போல இருந்தது.

தேர்வு முடிந்து வாசலுக்கு வந்ததுமே சுஹாஸ் ஓடிவந்தான். "அந்த எத்திக்ஸ் கேள்விக்கு என்ன போட்ட? அந்த ஆளு..."

"வாய மூடு சுஹாஸ். கேள்விய வெளிய பேசக் கூடாதுன்னு பாடத்துலயே இருக்கு."

"எந்தப் பக்கத்துல?"

"கடைசி வாரத்துக்கு நீ தள்ளி வெச்ச பக்கத்துல."

சுஹாஸைச் சமாளிப்பது சுலபம். மறுநாள் வண்டியில் ஹேமாங்கி, "என்னடி கேட்டாங்க?" என்று ஆவலாகக் கேட்டபோதுதான் கஷ்டமாகப் போயிற்று.

"சொல்லக் கூடாதுடி. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"ஆறு மாசம் எங்க மூளைய உறிஞ்சிட்டு, இப்ப பெரிய மனுஷி ஆயிட்டா!"

ஒன்றரை மாதம் ஹேமாங்கி முகம் கொடுத்துப் பேசவில்லை. கேதகிக்கு அது தேர்வை விட வலித்தது. ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை.

முடிவு வந்த மறுநாள் பால் பேடா டப்பாவோடு ஏறினாள். "பாஸ்! எத்திக்ஸ்ல எல்லாத்தையும் விட நல்ல மார்க்!" என்று கத்தினாள். பெட்டியே கைதட்டியது. காட்கோபர் வந்ததும் பிரமிளா எழுந்தாள். ஹேமாங்கி பழசையெல்லாம் மறந்து கேதகியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னிக்கு நீதாண்டி ராணி. உக்காரு!"

"தாணேலயே அந்தக் காலேஜ் பொண்ணு கேட்டு வெச்சிருக்கா," என்று கேதகி நகர்ந்து, அந்தப் பெண்ணுக்கு வழிவிட்டாள்.

ஹேமாங்கி கண்ணைச் சுருக்கி அவளையே பார்த்தாள். "ஏய், இந்தக் கேள்விதான் வந்துச்சா?"

கேதகி ஒரு பேடாவை எடுத்து ஹேமாங்கியின் வாயை அடைத்தாள்.