பேட்டரிக்கு வைத்த சந்தனம்

என் மருமகள் ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன வாரம் அவள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது, அவளுடைய காரே ஸ்டார்ட் ஆகாமல் முனகிக்கொண்டு நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சித்தப்பா ஞாபகம் வந்து, யாரும் பார்க்காதபடி சிரித்துக்கொண்டேன்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் பக்கம் கம்பெனி ஏது? கார் என்றால் சித்தப்பா ஓட்டிய வாடகைக் கார்தான். கல்யாணமான பிறகு முதல்முறையாக அக்கா ஆயுத பூஜைக்கு வந்திருந்தாள், புருஷனோடு. சித்தப்பா காரைக் கழுவி, பேட்டரி ஒயர்களையும் கழற்றித் துடைத்துப் போட்டிருந்தார். அக்கா ஆசையாகக் கார் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பேட்டரி மேலே துருத்திக்கொண்டிருந்த இரண்டு முனைகளையும் விடவில்லை. சித்தப்பா கவனிக்காமல் அதன்மேலேயே ஒயரை மாட்டி இறுக்கிவிட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. அக்காவைச் செம்பரம்பாக்கத்தில் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். இனிமேல் பொங்கலுக்குத்தான் அனுப்புவோம் என்று அவள் மாமியார் சொல்லியிருந்தார். அக்கா விடிந்ததிலிருந்து முகம் கழுவிக்கொண்டே இருந்தாள். அரிசி மூட்டை, பாத்திரம் எல்லாம் ஏற்றி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சாவியைத் திருப்பினால், கார் உர்ர்... உர்ர்... என்று இழுத்து நின்றுவிட்டது.

"இன்னா மாமா, வண்டியும் மாமியார் வூட்டுக்குப் போவ மாட்டேங்குதா?" என்றார் மாப்பிள்ளை.

சித்தப்பா என்னை முன்னால் நிறுத்தி லைட்டைப் போட்டார். பளிச்சென்று எரிந்தது. சாவியைத் திருப்பியதும் மங்கிப்போனது.

"பேட்டரி நல்லாத்தான் கீது. கரண்டு வர்ற வழியில எங்கியோ தடங்கல்."

பானட்டைத் திறந்து, ஒயர் மாட்டிய இடத்தைத் தொட்டவர், சூடு தாங்காமல் விரலை உதறினார். கழற்றினார். உள்ளே காய்ந்த சந்தனம். நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். வாசலில் நின்ற அக்கா மறுபடியும் முகம் கழுவப் போய்க்கொண்டிருந்தாள்.

சித்தப்பா சந்தனத்தைத் துடைக்கவில்லை. அப்படியே ஒயரை மாட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள், "போய் தண்ணி எட்தாடி" என்று விரட்டினார்.

அதற்கப்புறம் பிளக்கைக் கழற்றினார், ஊதினார், திரும்ப மாட்டினார். வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தே கிடந்தார்.

"தள்ளிப் பாக்கலாமா மாமா?"

"பூஜ போட்ட வண்டிய தள்ளக் கூடாது மாப்ள. ஆவாது."

அப்படி ஒரு சாத்திரத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை நம்பிவிட்டார்.

பொழுது சாய்ந்தது. அதுவரை காரின் பக்கமே வராத அம்மா விளக்கேற்றிவிட்டு வந்தாள். "வெளக்கு வெச்சப்புறம் பொண்ண அனுப்ப மாட்டோம். நாளைக்கு செவ்வாக்கெழம, அதுவும் ஆவாது." மாப்பிள்ளை வேலை போய்விடுமே என்று பஸ் ஏறினார். புதன்கிழமை கொண்டுவந்து விடுவதாகச் சித்தப்பா சொன்னார்.

அக்கா அன்றைக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். எனக்குச் சித்தப்பாவை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. கண்ணெதிரே இருப்பதைத் துடைக்கத் தெரியவில்லையே.

புதன்கிழமை காலை அக்கா காரில் ஏறினாள். அம்மா ஜன்னலோரம் வந்து, முன்சீட்டில் இருந்த சித்தப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள்: "தொடச்சிட்டியாப்பா?"

"ஆச்சி அண்ணி."

கார் ஒரே திருப்பில் கிளம்பியது. நான் ஒன்றும் சொல்லவில்லையே, அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று அங்கேயே விழித்துக்கொண்டு நின்றேன்.