அப்பா கைவிட்ட அப்பீல்

எங்கள் வழக்குப் பேசிய புரொக்டரின் மேசையில் அப்பா கையெழுத்து வைத்தபோது, மைக்கூடு கவிழாமல் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். அப்பீலை மீளப்பெறுகிறேன் என்று எழுதிய தாள் அது. "ஒருத்தரும் உங்களை வற்புறுத்தேல்லையே?" என்று புரொக்டர் இரண்டு தரம் கேட்டார். "இல்லை சேர், என்ட சொந்த விருப்பம்" என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமலே. மூன்று நாள் அழுது அடம்பிடித்து அவரை அங்கே கூட்டிவந்தவள் நான்.

வெள்ளைக்காரன் ஆண்ட கடைசி வருஷங்கள். அப்பா துறைமுகப் பண்டகசாலையில் கிளார்க். சீனி மூட்டைகள் குறைந்துபோன வழக்கில் அவருக்கும் கூட வேலை செய்த ஒருவருக்கும் ஆறு மாதம் சிறையில் கிடக்கும்படி மறியல் விதித்தார்கள். இருவரும் அப்பீல் செய்து பிணையில் வந்திருந்தார்கள். அப்பா ஒரு பிடி சீனிகூடத் தொடாதவர் என்பது கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் வெள்ளவத்தையில் எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் தாயார் அறுத்துறுத்துச் சொல்லிவிட்டார். கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் பாதிரியார் கலியாண அறிவித்தல் ஓலை வாசிக்கும்போது பெண்ணின் தகப்பன் பெயரும் வரும். வழக்கில் தொங்கும் பெயரைச் சபை கேட்கக்கூடாது, வருஷத்துக்குள் எப்படியாவது முடியட்டும் என்றார். அப்பீல் எப்போது விசாரணைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. மறியல் என்றால் ஆறே மாதம். "விட்டிடுங்கோ அப்பா, ஆறு மாசந்தானே" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

கலியாணம் நடந்தது. மறியலிலிருந்து வந்தவர் பெண்ணைக் கைபிடித்துக் கூட்டிவருவது அழகில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதால் மாமா கூட்டிப்போனார். அப்பா கடைசி வரிசை வாங்கில் இருந்தார்.

அடுத்த மாதமே மற்றக் கிளார்க்கின் அப்பீல் விசாரணைக்கு வந்தது. அதே சாட்சிகள், அதே சீனி. சாட்சியம் போதாதென்று அவரை விடுதலை செய்தார்கள். வேலையும் திரும்பக் கிடைத்தது. அப்பாவும் போய்க் கேட்டார். பண்டகசாலைத் துரை அவரை உள்ளேயே விடவில்லை. "களவெடுக்காத ஆள் ஏன் அப்பீலை விட்டவர்?" என்று என் கணவர் சண்டைக்குச் சண்டை கேட்பார். என்னிடம் பதில் இருந்தது. ஒருநாளும் சொன்னதில்லை.

விடுதலைச் செய்தியை அப்பாவிடம் சொன்னவளும் நான்தான். அவர் சிரித்தார். "அவனுக்கென்ன, கட்டிக்குடுக்கப் பொம்பிளைப் பிள்ளை இல்லைத்தானே!" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு தரமாவது என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமலே போய்ச் சேர்ந்தார். இன்று அவர் வயதைத் தாண்டிவிட்டேன். திட்டாமல் போனதற்காக அவர்மேல் இன்னும் எனக்குக் கோபம்தான்.