வெந்தநாக்கு

அப்பாவைப் பெற்ற தாத்தா காலமான பிறகும், அவரைப் பெற்ற தாத்தா எங்கள் வீட்டில் இருந்தார். தொண்ணூறைத் தாண்டியவர். களமருதூரில் அவர் எதிரே வந்தால் டிராக்டர் ஓட்டுகிறவன்கூட நிறுத்திக் கும்பிடுவான். அவர் முன்னால் குரலை உயர்த்துவது எங்கள் வீட்டில் கொலைக்கு அடுத்த குற்றம்.

அந்தக் குற்றத்தைத் தினமும் செய்ய ஒரே ஒருவர் வருவார். மேலத்தெருக் கிழவர், தாத்தாவின் சிறுவயதுக் கூட்டாளி. நாலு மணிக்குத் தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று, "டேய் வெந்தநாக்கு, இன்னும் சாவலியாடா?" என்பார். "உன்னத் தூக்கிப் போட்டுட்டுதான்டா" என்று உள்ளேயிருந்து பதில் போகும். பையனாக இருந்தபோது தாத்தா வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் பாகைத் திருடித் தின்று நாக்கைச் சுட்டுக்கொண்டாராம். எண்பது வருஷமாகியும் அந்த மனுஷன் அதை ஆறவிடவில்லை. அம்மாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

ஒரு மாசி மாதம் மேலத்தெருக் கிழவர் போய்விட்டார். தாத்தா அழவில்லை. நாலு மணியானால் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். சோறு மட்டும் இறங்கவில்லை.

"வூடு நெறைய ஜனம் இருக்கோம். உங்களுக்கு இன்னா கொற தாத்தா?" என்று அத்தை கேட்டாள்.

"நீங்கல்லாம் பொறக்கும்போதே நான் கெழவன்மா. சின்னப் புள்ளையா என்னப் பாத்த கண்ணு ஒண்ணுகூட இல்ல. எல்லாம் மூடிப்போச்சு."

அத்தை ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தாத்தா கூப்பிட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. "பாப்பா, அவன் கூப்புடுவானே, அந்த மாதிரி என்ன ஒருவாட்டி கூப்புடு" என்றார். விளையாட்டென்று நினைத்தேன். ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி, "டேய் வெந்தநாக்கு, இன்னும் சாவலியாடா?" என்றேன். தாத்தாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு. பதில் சொல்ல நிமிர்ந்தார். அதற்குள் அப்பாவின் கை என் முதுகில் விழுந்துவிட்டது.

"புள்ளைய அடிக்காதடா, நான்தான் சொல்லச் சொன்னேன்" என்று தாத்தா கெஞ்சினார். அதுவே வம்பாகிவிட்டது. பெருசுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மறுநாளே கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப் போனார்கள். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு வீட்டில் தாத்தாவுக்கு மரியாதை இன்னும் ஜாஸ்தி. ஆளாளுக்கு அவரிடம் மெதுவாக, பணிவாகப் பேசினார்கள். அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்து, ஆடியில் படுக்கையோடு படுக்கையானார்.

ஒரு மத்தியானம் அம்மா என்னிடம் கஞ்சி கொடுத்தனுப்பினாள். தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரும் இல்ல பாப்பா. மெதுவாதான். ஒரே ஒருவாட்டி கூப்புடு" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். அப்பா கழனிக்குப் போயிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் வாங்கிய அடி மறக்கவில்லை. நல்ல பிள்ளை என்ற பெயரும் எனக்கு வேண்டியிருந்தது.

"கஞ்சி குடிங்க தாத்தா" என்றேன், முடிந்தமட்டும் மரியாதையாக.

அவர் கையை விட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கஞ்சியை அப்படியே எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், உப்பு கம்மியாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.