பெஞ்சோடு கட்டிய கால்கள்

ஆரணிக்கு வரும்போது எனக்குப் பதினொரு வயது. பர்மாவில் அப்பாவின் மளிகைக் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கப்பலேறி மதராஸ் வந்தோம். அகதி முகாமில் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். தூரத்து உறவு ஒருவர் ஆரணியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு இங்கே வந்து இறங்கினாள். இளம்பிள்ளைவாதம் வந்து என் இரண்டு கால்களும் ரங்கூனிலேயே போய்விட்டிருந்தன. கைகளை ஊன்றித் தரையில் நகர்ந்துதான் நடமாடுவேன்.

தெருவில் எனக்கு இரண்டு பெயர்கள். அகதி, நொண்டி. கோபம் வந்தால் இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள்.

வீட்டுக்கு வீடு தறி ஓடும் ஊரில் எனக்குத் தறி வேலை கிடைக்கவில்லை. மிதிக்கக் கால் வேண்டுமே. சாயப்பட்டறையில் சேர்ந்தேன். கொதிக்கும் சாயத்திலிருந்து எடுத்த பட்டுநூலைக் கம்பத்தில் மாட்டி, கோல் கொடுத்து முறுக்கிப் பிழிவது என் வேலை. வருடக்கணக்காகப் பிழிந்ததில் தோள்கள் தூண் மாதிரி ஆகிவிட்டன. என் சட்டைகளின் தோள்தையலை அம்மா அடிக்கடி பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

பட்டறைக்கு அடுத்த தெருவில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் ஜிம் இருந்தது. ஒரு சாயங்காலம் உள்ளே நகர்ந்து போனேன். அதன் செயலாளர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“உனக்கு இன்னாத்துக்குப்பா இந்தப் பேஜாரு? அந்தாண்ட கேரம் போர்டு இருக்குது, ஆடிகினு இரு.”

“கேரம் ஆட வரலீங்க. எடை தூக்க வந்தேன்.”

யாரும் உதவவில்லை. பெஞ்சின் மேல் நானே ஏறிப் படுத்தேன். எடை மாட்டிய கம்பியை மார்புக்கு இறக்கியதுமே கால்கள் ஒரு பக்கமாகச் சரிந்து உடம்பையும் இழுத்துவிட்டன. கம்பியோடு தரையில் விழுந்தேன். விலா எலும்பு விண்ணென்று தெறித்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டுத்தான் தூக்கினார்கள்.

வீட்டில் அம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள். இனி போகாதே என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் தன் பழைய புடவையை நீளமாகக் கிழித்து முறுக்கினாள். “காலு சரியுதுன்னா கட்டிக்க. அதுக்கு எதுக்கு விழுந்துகினு இருக்கற?” என்றாள்.

மறுநாள் கால்களைப் பெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தூக்கினேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சில மாதங்களில் செயலாளர் தூக்கும் எடையைத் தாண்டினேன். அதன்பிறகு அவரே வந்து என் கால்களை இறுக்கிக் கட்டிவிடுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வேலூரில் மாவட்டப் போட்டி நடந்தது. என்னைக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். என் முறை வந்ததும் நடுவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ரெண்டு காலும் தரையில ஊணணும். அதான் ரூல். நீ ஓரமா வாப்பா.”

“ஊண முடிஞ்சா ஊணியிருப்பேங்க. எடையத் தூக்கறது கையிதானே?”

“கணக்குல சேராது.”

“சேரலன்னா போவட்டும். நீங்க பாருங்க, அது போதும்.”

மேடையை விட்டு இறங்க மறுத்துவிட்டேன். செயலாளர் வந்து என் கால்களைக் கட்டினார். அதுவரை யாரும் தூக்காத எடையைப் போடச் சொன்னேன். கம்பி கீழே வந்தது, மார்பில் நின்றது, மேலே போனது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. கோப்பை வேறொருவருக்குப் போனது. பஸ்ஸில் திரும்பும்போது செயலாளர்தான் ஆரணி வரைக்கும் நடுவரைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்குப் பசித்தது, தூக்கமும் வந்தது.

சில வருடங்கள் கழித்து மதராஸில் ஊனமுற்றோருக்கென்று தனிப் போட்டி வைத்தார்கள். அங்கே காலைக் கட்டிக்கொள்வதுதான் விதியே. முதல் பரிசு வாங்கினேன்.

ஊரில் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடானது. மேடைக்கு உயரமான படிகள். நாலு பேர் என்னைத் தூக்க ஓடிவந்தார்கள். அவர்களை விலக்கிவிட்டு ஒவ்வொரு படியாகக் கை ஊன்றி ஏறினேன். தலைமை தாங்க வந்த பெரிய மனிதர், நாதியற்று வந்த பிள்ளை, கடவுள் கைவிட்ட பிள்ளை என்று கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பேசினார். கடைசியில் ஒரு தையல் இயந்திரத்தைக் காட்டி, அதை வைத்துப் பிழைத்துக்கொள்ளச் சொன்னார். காலால் மிதிக்கிற இயந்திரம்.

மைக்கை வாங்கினேன். “ஐயா, எனக்குத் தொழில் இருக்குது. சாயப்பட்டறைக்கு வந்தா பார்க்கலாம். எங்க ஜிம்முல இருக்கற எடை எனக்குப் பத்தல. குடுக்கறதுன்னா இரும்பு குடுங்க.”

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். பெரிய மனிதரின் முகம் இறுகிவிட்டது. முன்வரிசையில் அம்மா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

அவரிடமிருந்து இரும்பு வரவில்லை. பட்டறைக்காரர்களும் நெசவாளர்களும் சேர்ந்து வாங்கிப்போட்டார்கள். அதை வைத்துப் பழகி ஊனமுற்றோருக்கான அகில இந்தியப் போட்டிக்குப் போனேன். இரண்டாம் இடம்தான் கிடைத்தது. ஜெயித்தவன் கையைக் குலுக்கி, “அடுத்த வருஷம் வருவியா?” என்று இந்தியில் கேட்டான்.

எனக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியில் பதில் சொன்னேன்: “உன்னைத் தோற்கடிக்க வருவேன்.”

போனேன். தோற்கடித்தேன்.