நெற்றியில் சந்தனம் வைத்த 1925 சென்ட்

“23.10.2023, திங்கள், ஆயுத பூஜை. 1925-இன் முகப்பில், அரசரின் நெற்றியில் சந்தனம். அதன்மேல் குங்குமம். இரண்டும் ஈரம்.”

அன்று மாலை நான் எழுதி வைத்த குறிப்பு இது. நாணயங்களைப் பற்றி எதை எழுதினாலும் தேதி போட்டு எழுதுவது என் வழக்கம். அன்றைக்கு ‘குங்குமம்’ என்பதில் ஓர் எழுத்து கோணலாக விழுந்திருக்கிறது. மற்றபடி குறிப்பில் பிழை இல்லை.

கனடா ஒரு சென்ட் காசு அடிப்பதை 2012-இல் நிறுத்தியது. என் தம்பி அங்கே குடியேறிய புதிது அது. விடுமுறைக்குக் கடலூர் வந்தவன், “இனிமே இது செல்லாக்காசுக்கா, நீயே வச்சிக்க” என்று சட்டைப்பையில் கிடந்ததையெல்லாம் சாப்பாட்டு மேசையில் கொட்டினான். அதற்குள் பழைய காசு ஒன்று கலந்திருந்தது. நம் ஊர்க் காலணாவில் இருக்கும் அதே ஐந்தாம் ஜார்ஜ். அதே கிரீடம், அதே தாடி. சுற்றியிருந்த லத்தீன் சுருக்கங்களை அகராதி வைத்துப் படித்தேன். கடைசி இரண்டு சொற்கள் ‘இந்தியாவின் பேரரசர்’ என்றன. டொரொண்டோவில் ரொட்டி வாங்கிய காசில் எங்கள் கடலூர்ச் செம்மண்டலத்துக்கும் சேர்த்து உரிமை கொண்டாடியிருக்கிறார்கள். அந்த எரிச்சலில்தான் காசு சேர்க்கத் தொடங்கினேன். பிறகு எரிச்சல் போய்விட்டது, காசுகள் தங்கிவிட்டன.

அந்த அரசரின் தலை போட்ட சின்ன சென்ட் 1920-இல் தொடங்கி, அவர் இறந்த 1936-இல் முடிகிறது. ஆண்டுக்கு ஒன்று, மொத்தம் பதினேழு. வைத்திருந்தால் மட்டும் போதாது. தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, எழுபதுக்கு இத்தனை என்று எண் கொடுத்து, செம்பின் நிறம் சிவப்பா, பழுப்பா, இரண்டும் கலந்ததா என்றும் குறித்து, திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். ஸ்லாப் என்பது அதன் பெயர். அந்தப் பெட்டியின் எண்ணை இணையத்தில் உள்ள ரெஜிஸ்ட்ரியில் ஏற்றினால், உலகத்தில் அதே வரிசையைச் சேர்க்கிற மற்றவர்களுக்கு நடுவே நம் இடம் எது என்று காட்டும். யாரும் யாரையும் பார்த்ததில்லை. ஆனால் ஒருவர் ஒரு காசை மாற்றி நல்லதாகப் போட்டால் இன்னொருவர் ஓரிடம் கீழே இறங்குவார். ஆண்டு முடிவில் அன்றைய தரவரிசையை அப்படியே நிறுத்திப் பதிவு செய்வார்கள்.

பளபளப்புக்காகத் தேய்த்த காசுக்கும் கறைபட்ட காசுக்கும் எண் கிடையாது. ‘குறையுள்ளது’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். எண் இல்லாததை ரெஜிஸ்ட்ரி சேர்க்காது.

2023-இல் என்னிடம் பதினாறு ஸ்லாப்கள் இருந்தன. இல்லாதது 1925. அந்த வரிசையில் மிகக் குறைவாக அடிக்கப்பட்ட ஆண்டு அதுதான். ஓரிடம் காலியாக இருக்கும்வரை என் வரிசை பட்டியலின் அடியிலேயே கிடக்கும். மற்ற பதினாறும் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. ஆறு வருடங்கள் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஆண்டு முடிவதற்குள் நிரப்பியே தீருவது என்று முடிவெடுத்தேன்.

தம்பி அங்கே ஒரு பழைய பொருள் கடையில் தரம் பார்க்காத 1925 ஒன்றைப் பிடித்தான். நேரே தரம் பார்க்க அனுப்பிவிடலாம் என்றான். நான் சம்மதிக்கவில்லை. யாராவது தேய்த்திருக்கிறார்களா என்று என் கண்ணால் லென்ஸில் பார்க்காமல் அனுப்பக்கூடாது என்று சொல்லிவிட்டேன். நவராத்திரிக்கு ஊருக்கு வந்தவன் அதை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தான். வாரக் கடைசியில் திரும்பும்போது கையோடு கொண்டு போய் அங்கே கொடுத்துவிடுவது ஏற்பாடு.

என் கணவருக்கு இது பெரிய வேடிக்கை. “கனடாவுலேர்ந்து ஏரோப்பிளேன்ல வந்து, இங்க ஒரு வாரம் தங்கி, திரும்ப கனடா போவுதாம் ஒரு சென்ட்டு. எனக்கு இன்னும் பாஸ்போர்ட்டே இல்ல மச்சான்” என்றார் தம்பியிடம்.

“நீங்க எழுபதுக்கு எவ்ளோ வருவீங்கன்னு அக்கா பாத்து சொல்லட்டும் மாமா. அப்பறம் கூட்டிட்டுப் போறேன்.”

“நான்லாம் குறையுள்ளதுடா. எண்ணே கெடையாது.”

அவர் செம்மண்டலத்தில் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். நெல்லிக்குப்பம் கரும்புக்காரர்களின் தண்ணீர் மோட்டாரும் வரும், தேவனாம்பட்டினத்துப் படகு எஞ்சினும் வரும். ஆயுத பூஜை என்றால் அவருக்குத் தீபாவளியைவிடப் பெரிது. ஸ்பேனரிலிருந்து சாக்குத் தைக்கும் ஊசிவரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். வீட்டிலும் அப்படியே. நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். என் புத்தகங்கள், கால்குலேட்டர், லேப்டாப் எல்லாம் பூஜைக்குப் போய்விடும். மறுநாள் விஜயதசமியன்று இன்னொரு முறை தீபம் காட்டும்வரை யாரும் தொடக்கூடாது.

அன்று பிற்பகல் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். பூஜை முடிந்து கும்பிடப் போனபோதுதான் பார்த்தேன். என் பதினாறு ஸ்லாப்களும் புத்தகங்களுக்கு முன்னால் வரிசையாக நின்றன. ஒவ்வொரு பிளாஸ்டிக் பெட்டியின் மேலும் ஒரு பொட்டு. அது பரவாயில்லை, துடைத்தால் போய்விடும். ஆனால் வரிசையின் முன்னால், ஒரு வெற்றிலையின் மேல், உறையை விட்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்தது 1925. அரசர் நெற்றியில் பொட்டோடு இருந்தார்.

“என்னாங்க இது?”

“என்னா?”

“உறையிலேர்ந்து ஏன் எடுத்தீங்க?”

“மத்ததெல்லாம் தொறக்க வரல. இது ஒண்ணுதான் தொறந்துச்சி. பிளாஸ்டிக்குக்கு பொட்டு வச்சா சாமி ஏத்துக்குமா?” என்றார். என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. “ஒனக்கு ஆயுதம் இதான? பதினேழாவது நல்ல நம்பரா வரணும்னு வேண்டிகிட்டுதான் வச்சேன்.”

சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது. குங்குமத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும், கடையில் வாங்கியதென்றால் சாயமும் இருக்கும். நூறு வருடம் கெடாமல் வந்த செம்பின் மேல் ஓர் இரவு முழுக்க ஈரச் சுண்ணாம்பு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று என் மாணவர்களுக்கு நானே நடத்துகிற பாடம் அது. எடுக்கக் கையை நீட்டினேன்.

“பூஜையில வச்சத எடுக்காத. காலைல வரைக்கும்தான” என்றார். கெஞ்சுகிற மாதிரி இருந்தது. முந்தைய ஆண்டு பூஜை நாளில் ஓர் அவசர வேலைக்காக ஸ்பேனரை எடுத்தார். அதே வாரத்தில் கையில் அடிபட்டு மூன்று தையல் போட்டார். அது தற்செயல் என்று நான் எவ்வளவு சொல்லியும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

தம்பி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “புளி போட்டு தேச்சா பளபளன்னு ஆயிடும்க்கா” என்றான். அவனை நான் பார்த்த பார்வையில் சுண்டல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

தொடக்கூடாது என்றால் தொடாமல் என்ன செய்யலாம் என்று யோசித்தேன். பட்டறையில் புது மோட்டார் பெட்டிகளுக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட சின்னப் பொட்டலங்கள் வரும். அவற்றை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருப்பார். எடுத்து வந்தேன். வெற்றிலையைச் சுற்றி அந்தப் பொட்டலங்களை அடுக்கி, வெற்றிலையோடு சேர்த்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்தேன்.

“தொடாதன்னேன்ல?”

“தொடல. மூடிதான் வச்சிருக்கேன்.”

அவர் கிண்ணத்தின் மேலும் ஒரு பொட்டு வைத்தார்.

மறுநாள் காலை தீபம் காட்டி முடிந்ததும் கிண்ணத்தைத் திறந்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. சுரண்டினால் காசில் கீறல் விழும், தண்ணீர் பட்டால் மறுபடி ஈரம். ஒரே வழி அசிட்டோன். அது செம்பைத் தொடாது. எண்ணெய், சாயம், மஞ்சள் இவற்றைக் கரைத்து எடுக்கும். கடலூரில் கிடைத்தது நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர்தான். அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கல்லூரி ஆய்வகத்துக்கு விடுமுறை. என் சொந்த வேலைக்குக் கல்லூரிச் சரக்கை எடுக்கவும் மாட்டேன். சிதம்பரத்தில் ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடைக்காரருக்குப் போன் செய்தேன். விஜயதசமிக்கு ஒரு மணி நேரம் மட்டும் திறப்பதாகச் சொன்னார்.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று போன பேருந்தில், கடை மூடிவிடுமோ என்பதைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை. கீழவீதியில் நடக்காமல் ஓடினேன். கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார்.

“என்னா மேடம், இன்னிக்கிமா எக்ஸ்பெரிமென்ட்டு? பெயிண்டுக்குன்னா தின்னர் போதுமே.”

“பெயிண்ட் இல்லீங்க. பொட்டு அழிக்கணும்.”

“யார் பொட்ட?”

“ராஜா பொட்ட.”

சுத்தமான அசிட்டோன், கண்ணாடிப் புட்டியில்தான் வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். புட்டியின் கழுத்துக்குக் கீழே சந்தனம், அதன்மேல் குங்குமம். இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த பேருந்து ஏறினேன்.

மொட்டை மாடியில், நெருப்பு ஏதும் இல்லாத இடத்தில், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் அசிட்டோனை ஊற்றிக் காசை விளிம்பில் பிடித்து இறக்கினேன். கணவர் கொஞ்சம் தள்ளி நின்றார். கொஞ்ச நேரத்தில் காசிலிருந்து மஞ்சளாக ஒரு நூல் கிளம்பியது. பின்னால் சிவப்பு. சந்தனம் தானாகக் கழன்று கீழே படிந்தது. ஒரு தடவைகூட நான் தேய்க்கவில்லை. அசிட்டோனை மூன்று முறை மாற்றினேன்.

“போயிடுச்சா?” என்றார்.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். பளபளப்பு அப்படியே இருந்தது. எழுத்துகளின் உள்மடிப்பில் பழைய சிவப்பு. ஆனால் நெற்றியில், கிரீடத்துக்குக் கீழே, கடுகில் பாதி அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி.

“பொட்டு போயிடுச்சி. ஒரு புள்ளி இருக்கு.”

“நான் வச்சதா?”

தெரியவில்லை என்றேன். தம்பி காசைக் கொண்டு வந்த நாளில் நான் எடுத்து வைத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். உறையின் பிளாஸ்டிக்கில் ட்யூப்லைட் வெளிச்சம் அடித்து, சரியாக அரசரின் நெற்றி மட்டும் வெள்ளையாகியிருந்தது. கடையில் தம்பி எடுத்த படம் வாட்ஸப்பில் வந்ததால் சுருங்கி மங்கியிருந்தது. அன்று லென்ஸ் வைத்து, தேய்த்த கோடுகள் உண்டா என்றுதான் தேடினேன், புள்ளியைத் தேடவில்லை.

அனுப்பாமல் விட்டுவிடலாம் என்றான் தம்பி. குறையுள்ளது என்று வந்தால் கட்டணம் வீண் என்றான். அனுப்பு என்றேன். அவர்கள் சொல்லட்டும், அதற்குத்தானே அவர்கள் இருக்கிறார்கள் என்றேன். புது உறையில் போட்டு அவன் கைப்பையில் நானே வைத்தேன்.

டிசம்பரில் ஒரு காலை தம்பியிடமிருந்து செய்தி வந்தது. அறுபத்து மூன்று. சிவப்பும் பழுப்பும் கலந்தது. குறை என்று எதுவும் எழுதப்படவில்லை. பாத்திரம் தேய்த்த கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து எண்ணை ஏற்றினேன். பதினேழு கட்டங்களும் நிரம்பின. பட்டியலின் அடியிலிருந்து என் வரிசை மூன்றாம் இடத்துக்கு ஏறி நின்றது. முதலிடத்தில் இருப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருடைய 1923 என்னுடையதைவிட இரண்டு எண் மேலே. என் 1923-ஐ மாற்றுவது அடுத்த வேலை.

“பாத்தியா” என்றார் கணவர். “சந்தனம் வச்சதாலதான் அறுபத்து மூணு.”

“வைக்காம இருந்திருந்தா அறுபத்து அஞ்சு.”

“அத நீ எப்டி சொல்ற?”

“நீங்க எப்டி சொல்றீங்க?”

ரெஜிஸ்ட்ரியில் ஒவ்வொரு காசுக்கும் கீழே உரிமையாளர் எழுதச் சிறிது இடம் உண்டு. பெரும்பாலோர் காலியாக விடுவார்கள். கேட்பவர் யாரும் இல்லை, விதியும் இல்லை. ஆனாலும் 1925-க்குக் கீழே நடந்ததை எழுதினேன். பூஜை, சந்தனம், அசிட்டோன், தேய்க்கவில்லை என்பது எல்லாம். கணவர் அதைப் படித்துவிட்டு, “எம் பேரையும் போட்டிருக்கலாம்” என்றார்.

அதன் பிறகு மூன்று ஆயுத பூஜைகளுக்கும் ஸ்லாப்கள் பூஜையில் இருந்தன, பொட்டோடு. தரம் பார்க்காத காசு எதுவும் அந்த வாரத்தில் வீட்டில் இருக்காதபடி பார்த்துக்கொள்கிறேன்.

கடையில் அந்தக் காசை விற்றவரிடம் பழைய படம் ஏதாவது உண்டா என்று தம்பி இருமுறை கேட்டுவிட்டான், பதில் வரவில்லை. ஆகவே ரெஜிஸ்ட்ரியில் நான் எழுதிய குறிப்பின் கடைசி வரி இப்போதும் அப்படியே இருக்கிறது: “நெற்றிப் புள்ளி 23.10.2023-க்கு முன்பே இருந்ததா என்பது சரிபார்க்கப்படவில்லை.”