விரிக்கும் தசை

சட்டைத் தொழிற்சாலையில் அவளைக் காலரக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். நாளுக்கு நானூறு காலர் தைப்பாள். மெஷினோடு வாயும் சேர்ந்து ஓடும். அவள் வரிசையில் யாரும் சிரிக்காமல் வேலை பார்த்ததில்லை. ஒருநாள் அவள் கணவரோடும் மகளோடும் போன பேருந்து வாய்க்காலில் கவிழ்ந்தது. அவளுடைய வலது கை முழங்கைக்குக் கீழே போனது. ஏழு வயதான அந்த மகளும் போனாள்.

இரண்டு வருஷம் கழித்து மருத்துவமனையில் ரோபோ கை பொருத்தினார்கள். வலது கையின் மிச்சத்தில் இரண்டு சென்சார். உள்பக்கத் தசை இறுகினால் விரல்கள் மூடும். வெளிப்பக்கத் தசை இறுகினால் விரியும்.

"விரல் இருக்குன்னே நெனைச்சு மடக்குங்கக்கா. தசை தானா கேக்கும்" என்றாள் பயிற்சி கொடுத்த பெண்.

மூடுவது முதல் நாளே வந்துவிட்டது. தசை இறுகுவதைக் காட்டும் திரையில் பச்சைக் கோடு உச்சிக்கு ஏறியது. "பின்னிட்டீங்கக்கா!" விரிப்பதுதான் வரவில்லை. ஆறு வாரமாகக் கோடு படுத்தே கிடந்தது.

"எதையோ பிடிச்சிருக்கீங்க. அத விடற மாதிரி நெனைங்க."

காலரக்கா எழுந்து வெளியே போய்விட்டாள்.

வராந்தாவில் கணவர் காத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"தண்ணிக்குள்ள பாப்பா கையப் பிடிச்சிட்டிருந்தேங்க. சீட்டு சரிஞ்சு என் கை மேல விழுந்துச்சு. வலி தாங்கல. விட்டுட்டேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ விடல. நசுங்கின கைக்கு ஏது பிடி? நான் பாத்தேன்."

அவர் எதையும் பார்த்திருக்க முடியாது. மண்டையில் அடிபட்டு மயங்கிக் கிடந்தவரைக் கடைசியில்தான் வெளியே எடுத்தார்கள். அது இருவருக்கும் தெரியும். அவள், "சரிங்க" என்றாள்.

பயிற்சிப் பெண் பிறகு வேறு வழி செய்து கொடுத்தாள். ஒரே தசைதான், இறுக்கினால் மூடும், தளர்த்தினால் தானே விரியும். காலரக்கா வேலைக்குத் திரும்பினாள். தைக்க முடியாததால் பட்டன் சரிபார்க்கும் மேஜையில் உட்காரவைத்தார்கள். பேச்சு குறைந்துபோயிருந்தது.

தினமும் காலையில் கையை மாட்டிவிடும்போது கணவர் தான் தண்ணீருக்குள் 'பார்த்ததில்' ஒரு வரி கூட்டிச் சொல்வார். பாப்பா அழவில்லையாம். பயப்படவும் இல்லையாம். அவர் சொல்லாமல் எழுந்துபோகப் பார்க்கும் நாட்களில் அவளே சட்டையைப் பிடித்து நிறுத்துவாள்.

"அப்புறம் பாப்பா என்ன பண்ணா?"

"தூங்கிட்டா" என்பார். "நம்ம மடியில தூங்குவாளே, அப்படித்தான்."