இரண்டாவது வாஷ் பேசின்

எங்கள் வீட்டுக் குளியலறையை இடித்துப் புதிதாக்கியபோது, அதில் ஒரு வாஷ் பேசின் வைப்பதா இரண்டு வைப்பதா என்று தம்பிக்கும் அவன் மனைவிக்கும் பல நாள் பேச்சு ஓடியது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர்களோடுதான் இருக்கிறேன். கே.கே. நகரில் அப்பா கட்டிய வீடு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு தம்பி குடும்பம் முன்னறைகளில் இருக்கிறது, நான் சமையலறைக்கு அடுத்த சின்ன அறையில். வயதில் மூத்தவள் என்றாலும் வீட்டு விஷயங்களில் வாய் திறக்க எனக்குக் கூச்சம். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு ஜவுளிக்கடையில் துணி மடித்து வைக்கிறவளிடம் யாரும் கேட்பதும் இல்லை.

தம்பிக்கு ஒன்று போதும். “இம்புட்டுக்காணு எடத்துல ரெண்ட வச்சா நாம எங்க நிக்கிறது?” என்றான். அவன் மனைவி விடவில்லை. அவன் ஆபீசுக்குப் போக வேண்டும், அவள் டீச்சர், மகள்கள் இருவருக்கும் பள்ளிக்கூடம், எனக்குக் கடை. எல்லாருக்கும் ஒரே நேரம். “காலையில நம்ம பாத்ரூம் வாசல்ல வந்து நின்னு பாருங்க, ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு தோத்துப் போகும்” என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தேன்.

அப்படி மறைப்பது எனக்குப் பழகிப்போனது. சில வருடங்களுக்கு முன் பஸ் சட்டென்று பிரேக் போட்டதில் முன்சீட்டுக் கம்பியில் முகம் மோதி, மேல்வரிசை முன்பற்கள் போய்விட்டன. கழற்றி மாட்டுகிற பல் செட் வைத்திருக்கிறேன். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு, காலையில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்ட வேண்டும். வெளியே யாராவது காத்திருப்பது தெரிந்தால் அரைகுறையாகக் கழுவி மாட்டிக்கொண்டு வந்துவிடுவேன். எல்லாரும் முடிக்கட்டும் என்று ஒதுங்கி நின்றால் கடைக்கு நேரமாகிவிடும்.

அதனால்தான் ஒருநாள் சாப்பிடும்போது நானாகவே, “ரெண்டு இருந்தா நல்லதுதான்ப்பா” என்றேன். தம்பி தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். அக்காவே கேட்டுவிட்டாள், இனி மறுப்பில்லை என்றான். அவன் மனைவி சிரித்துக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

பேசின் வாங்கக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். ஒரே அகலக் கண்ணாடிக்குக் கீழே இரண்டு வெள்ளை பேசின்களை ஜோடியாக மாட்டிக் காட்டியிருந்தார்கள். சின்னவள் பல் தேய்த்துக்கொண்டே வாய் நிறைய நுரையோடு பேசுகிறவள். அவள் பக்கத்தில் நின்று நானும் முகம் கழுவுவதாக நினைத்துப் பார்த்தேன். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

பேசின் மாட்ட பிளம்பர் வந்த அன்று எனக்குக் கடை விடுமுறை. அவர் அளந்து பார்த்துவிட்டு, இரண்டையும் உள்ளே வைத்தால் கதவு பாதிதான் திறக்கும் என்றார். இன்னொன்றைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். நான் அவருக்கு டீ கொண்டுவந்து பின்னால் நின்றிருந்தேன்.

தம்பி மனைவி யோசிக்கவே இல்லை. “திருப்பிக் குடுக்க வேணாம்ண்ணே. பின்னாடி வாஷிங் மெஷின் பக்கத்துல மாட்டிருங்க. மதினி பல்லு கழுவத்தான இன்னொண்ணே வாங்குனது.”

திரும்பியபோது என்னைப் பார்த்தாள். முகம் மாறவில்லை. ஒளித்துச் சொல்கிற விஷயமாக அவள் அதை நினைக்கவில்லை என்று அப்போது புரிந்தது. இரண்டாவது பேசின் எதற்கென்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தம்பிக்கும்.

எச்சில் பார்ப்பது எங்கள் வீட்டில் புதிதல்ல. டம்ளரில் வாய் வைத்துக் குடித்தால் அம்மா அடிப்பாள். நானும் அப்படி வளர்ந்தவள்தான், அடுத்தவர் பல்லைக் கழுவிய இடத்தில் முகம் கழுவ எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். ஆனால் நாலு பேரும் காறித் துப்புகிறதும் நாக்கு வழிக்கிறதும் அதே பேசினில்தான். வாய்க்குள் இருக்கிற பல்லின் எச்சில் சொந்த எச்சில், கையில் எடுத்துவிட்டால் அசிங்கம் என்றால் அது என்ன கணக்கோ.

புது பாத்ரூமைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கு டைல்ஸ், ஹீட்டர் எல்லாம் காட்டிவிட்டுத் தம்பி மனைவி அவர்களைப் பின்பக்கமும் கூட்டிவந்தாள். தகரக் கூரைக்குக் கீழே, துணி காயப்போடும் கொடியைத் தாண்டி அது இருந்தது. இது மதினிக்கென்றே தனியாக வைத்தது என்றாள். அவளுடைய அம்மா என் தோளைத் தொட்டு, “கூடப் பொறந்தவளுக்கு இந்தக் காலத்துல யாரு இம்புட்டுச் செய்வாக? நீ குடுத்து வச்சவதான் தாயி” என்றார். நான் உதட்டைத் திறக்காமல் சிரித்தேன். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார்கள்.

காலையில் இப்போது கூட்டம் இல்லை. வாசலில் யாரும் காத்திருப்பதும் இல்லை. மழை பெய்தால் சாரலில் முதுகு நனையும். பின்வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் என்பதால் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, விரலால் தடவித் தடவிப் பல்லைப் பொருத்துகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி பைக் துடைக்கிற துணியை அலச அங்கே வந்தான். நான் கழுவி முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வெறும் சுவரைக் காட்டி, “இங்கிட்டு ஒரு கண்ணாடி மாட்டணும்லக்கா” என்றான்.

“வேணாம்ப்பா, பழகிருச்சு.”

அவன் தலையாட்டிவிட்டுத் துணியை என் பேசினில் போட்டு அலசினான். இன்னொரு தடவை கேட்டிருந்தால் மாட்டு என்று சொல்லியிருப்பேன்.